குடிமைப் பணியைத் திருத்தும்போது எந்தச் சுவரை இடிக்கக் கூடாது?

தேவனாம்பட்டினத்தார், கடலூர்

வணக்கம். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். குடிமைப் பணிகளைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் வேகம் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து வல்லுநர்களை நேரடியாக இணைச் செயலாளர்களாக அமர்த்தலாம் என்கிறார்கள். அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு தரும் பணிப் பாதுகாப்பை எடுத்துவிடலாம் என்கிறார்கள். இருபது ஆண்டுகளில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். இவற்றில் சில எனக்கும் உடன்பாடானவைதாம். ஆனால் பழைய வீட்டைப் புதுப்பிக்க வரும் கொத்தனார், எது பாரம் தாங்கும் சுவர், எது வெறும் தடுப்புச் சுவர் என்று தட்டிப் பார்த்த பிறகே கடப்பாரையை எடுப்பார். அப்படித் தட்டிப் பார்ப்பவர்கள் இந்தப் பேச்சில் குறைவாக இருக்கிறார்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் அதை வாங்கியது. கம்பெனி ஊழியர்களில் படையைச் சேராதவர்களைப் பிரித்துச் சொல்லத்தான் 'குடிமைப் பணியாளர்' என்ற வழக்கே தோன்றியது. லண்டனில் இருந்த இயக்குநர்கள் உறவினர் வீட்டுப் பிள்ளைகளையும் நண்பர் வீட்டுப் பிள்ளைகளையும் எழுத்தர்களாக நியமித்துக் கப்பலேற்றினார்கள்; வந்தவர்கள் கம்பெனி வேலையோடு சொந்த வாணிகமும் செய்து பணம் சேர்த்தார்கள். அந்த நியமன முறைக்கு 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் முடிவு கட்டியது. 1855இல் லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. பிரிட்டனின் உள்நாட்டுப் பணிக்கும் அதே நெறி வேண்டும் என்று நார்த்கோட், டிரெவெல்யன் ஆகிய இருவரும் எழுதிய அறிக்கை 1854இல் வெளிவந்தது.

அந்த டிரெவெல்யனே 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். கல்கத்தாவில் நிதி உறுப்பினராக இருந்த வில்சன் கொண்டுவந்த வரித் திட்டம் தவறானது என்று அவர் எதிர்க்குறிப்பு எழுதினார். குறிப்பு எழுதியதற்காக அவருக்கு ஒன்றும் நேரவில்லை. அதைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்ததற்காகத்தான் 1860இல் திரும்ப அழைக்கப்பட்டார். கோப்புக்குள் எதையும் துணிந்து எழுதலாம், முடிவு எடுக்கப்பட்ட பிறகு அதை மனதார நிறைவேற்ற வேண்டும், வெளியில் போய் மேடை போடக் கூடாது என்ற வழக்கத்தின் இரண்டு பக்கங்களும் அந்த ஒரு நிகழ்ச்சியில் தெரிகின்றன.

1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில் சர்தார் பட்டேல் வாதாடியதும் இதற்காகவே. அஞ்சாமல் தன் கருத்தைச் சொல்லும் உரிமை கொண்ட அகில இந்தியப் பணி இல்லாவிட்டால் நாடு ஒன்றாக நிற்காது என்பது அவர் நிலைப்பாடு. தன் செயலாளர் தன் கருத்துக்கு மாறாகக் குறிப்பு எழுதலாம் என்றும் அவர் அங்கே சொன்னார். திறந்த தேர்வு, பணிப் பாதுகாப்பு, அரசியல் நடுநிலை என்று நாம் பாடமாகப் படிக்கும் மூன்றும் எதற்காக? அமைச்சர் முன்னிலையிலும் மேலதிகாரி முன்னிலையிலும் ஓர் அலுவலர் 'இது விதிக்கு முரண்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பதற்காக. என்னைப் பொறுத்தவரை அதுதான் பாரம் தாங்கும் சுவர்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்து தெரிந்துகொண்டேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் கரையைக் கடந்த பிறகு, ஒரு வட்டத்தில் குடிசைச் சேதக் கணக்கெடுப்பை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் தொலைபேசி வந்தது. ஒரு குறிப்பிட்ட தெருவில் பகுதிச் சேதம் என்று எழுதியிருந்த வீடுகளையெல்லாம் முழுச் சேதமாக மாற்றிக் காலைக்குள் பட்டியல் அனுப்பச் சொன்னார்கள். நான் அந்தக் கிராம நிர்வாக அலுவலரிடம் அப்படியே சொன்னேன். "எழுத்தில் கொடுப்பீர்களா ஐயா?" என்று அவர் கேட்டார். "புயல் நேரத்தில் எழுத்து எங்கே?" என்றேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தணிக்கை வந்தபோது பட்டியலில் இருந்தது அவர் கையெழுத்து மட்டுமே. தமிழ்நாட்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கடுந்தண்டனைக்கு வழி செய்யும் 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை அவருக்கு மட்டும் போனது. விசாரணையில் நான் நடந்ததைச் சொன்னேன்; தாள் இல்லாத சொல்லுக்கு அங்கே எடை இல்லை. முழு ஓய்வூதியம் கைக்கு வருவதற்குள் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆகவே என் கேள்வி இது. எந்தச் சீர்திருத்தமானாலும், அது வந்த பிறகு அந்தக் கிராம நிர்வாக அலுவலர் "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்பது எளிதாகுமா, கடினமாகுமா? இந்த அளவுகோலை வைத்து நண்பர்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பண்ருட்டி இளையவன்

ஐயா, வணக்கம். நான் தொகுதி நான்கு தேர்வில் தேறி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மாலை நேரங்களில் மேல்நிலைத் தேர்வுகளுக்கும் படித்துவருகிறேன். நீங்கள் எழுத்துக் குறிப்பை நடுவில் வைப்பதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் எங்களைப் போன்றோருக்கு முதல் சுவர் திறந்த தேர்வுதான். அந்த வாசல் திறந்திராவிட்டால் நான் குறிப்பு எழுதும் நாற்காலிக்கே வந்திருக்க மாட்டேன்.

2018இல் பத்து இணைச் செயலாளர் பணியிடங்களுக்கு வெளியிலிருந்து விண்ணப்பம் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் விளம்பரம் கொடுத்தது. அதில் இட ஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வல்லுநர்கள் அரசுக்குள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் வேளாண் ஆராய்ச்சியிலிருந்து வந்து அரசுச் செயலாளர் பொறுப்பு வரை வகித்தவர். அவரால் நாடு இழந்தது ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வருபவர், ஒப்பந்தம் நீட்டிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருக்கும்போது, உங்கள் அளவுகோலின்படி எதிர்க்குறிப்பு எழுதுவாரா?

முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி

தேவனாம்பட்டினத்தார் ஐயாவுக்கு வணக்கம். நான் புதுச்சேரி அரசு அலுவலகமொன்றில் மேல்நிலை எழுத்தராகப் பணிபுரிகிறேன். கடலூருக்கும் எங்களுக்கும் இடையே அரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான்; ஆனால் பணி விதிகளில் நாங்கள் வேறு நாடு. உங்களுக்கு 17(ஆ) என்றால், எங்களுக்கு 1965ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி விதிகளின் 14ஆம் விதி. உங்களுக்குச் சென்னையில் தேர்வாணையம் இருக்கிறது. அது 1929இல் மாகாணச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. எங்களுக்கு இன்றுவரை சொந்தத் தேர்வாணையம் கிடையாது. எங்கள் உயரதிகாரிகள் அருணாசலம், கோவா, மிசோரம், ஒன்றியப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தொகுப்பிலிருந்து வருகிறார்கள். 2021 முதல் ஜம்மு காஷ்மீரும் அந்தத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. வருகிறார்கள், ஊரைப் படிக்கிறார்கள், படித்து முடிக்கும் நேரத்தில் மாற்றலாகிப் போகிறார்கள்.

நான் சேர்க்க விரும்புவது வேறொன்று. நடுநிலை என்கிறோமே, யாருக்கும் யாருக்கும் இடையில் நடுநிலை? 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டத்தின்படி, அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். அவசரம் என்றால் அதுவரை ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம். அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்று 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கிவிட்டது. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோது, கீழே இருந்த எங்களுக்கு ஒவ்வொரு கோப்பும் இரண்டு கரைகளுக்கு நடுவில் நிற்கும் படகு. ஒரு வீட்டுக்கு எழுதும் குறிப்பு இன்னொரு வீட்டில் பகையாகப் படிக்கப்பட்டது. பட்டேல் சொன்ன அமைச்சருக்கும் செயலாளருக்கும் இடையிலான நம்பிக்கை, அமைச்சர் ஒருவராக இருக்கும்போது நடப்பது. அதிகாரம் இரண்டாகப் பிளந்திருக்கும் இடத்தில், எதிர்க்குறிப்பு எழுதும் அலுவலரைக் காப்பது யார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, டிரெவெல்யன் எதற்காகப் பதவி இழந்தாரோ அதை இன்று எந்தக் குடிமகனும் ஒரு மனுவால் செய்ய முடியும். கோப்புக் குறிப்புகளை அந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்து எடுத்துவிட 2006இல் முயற்சி நடந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டது நல்லதே என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அதன் பிறகு சிலர் குறிப்பில் ஒன்றுமே எழுதாமல், பேச வேண்டியதை அறைக்குள் பேசிவிட்டு, தாளில் 'ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் எழுத்து சுருங்கிவிட்டது. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டும்.

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்

பணியாளர் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில், தேவனாம்பட்டினத்தார் ஐயாவோடு ஓரிடத்தில் முரண்பட வேண்டியிருக்கிறது. 311ஆம் பிரிவைப் பாரம் தாங்கும் சுவர் என்று சொல்லும்போது, அந்தச் சுவரின் நிழலில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பிரிவு சொல்வது இரண்டே செய்திகள். நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் ஒருவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்பளித்து விசாரிக்காமல் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்யக் கூடாது. தொடக்கத்தில் தண்டனையைப் பற்றியும் தனியாக ஒரு வாய்ப்பு இருந்தது. 1976இல் 42ஆம் திருத்தம் அதை நீக்கியது. விசாரிப்பது நடைமுறையில் இயலாது என்று காரணம் எழுதினால் விசாரணையே இல்லாமல் நீக்கலாம் என்ற விதிவிலக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. 1985இல் துளசிராம் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஏறக்குறைய 1.7 லட்சம் ஊழியர்களும் ஆசிரியர்களும் அவசரச் சட்டத்தின் துணையோடு ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பினார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்ற தீர்ப்பும் அந்த ஆகஸ்டிலேயே வந்தது. ஆகவே கூட்டமாக இருக்கும் சாதாரண ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானதன்று.

மறுபுறம், வசதியும் செல்வாக்கும் உள்ள ஒருவர் மீது உண்மையான ஊழல் குற்றச்சாட்டு வந்தால், இடைக்காலத் தடை, சாட்சி மாற்றம், விசாரணை அலுவலர் மாற்றம் என்று பத்து ஆண்டுகள் ஓட்டிவிடலாம். இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் வீரப்ப மொய்லி தலைமையில் 2007இல் கொடுத்த அறிக்கையில் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் விரும்பும்வரையே பணி என்னும் 310, அதற்கு வரம்பு கட்டும் 311 ஆகிய இரு பிரிவுகளையுமே நீக்கிவிட்டு, சட்டத்தின் மூலம் நியாயமான பாதுகாப்பு தரலாம் என்று பரிந்துரைத்ததற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம். அரசியலமைப்பில் இருப்பதைச் சாதாரணச் சட்டமாக்கினால், சாதாரணப் பெரும்பான்மை உள்ள எந்த அரசும் ஓர் இரவில் அதை மாற்றிவிடும் என்பதால் அந்தப் பரிந்துரையை நான் ஏற்கவில்லை. ஆனால் காலதாமதம் என்ற நோய் உண்மையானது. உச்ச நீதிமன்றம் 2015இல் இரண்டு வழக்குகளில் வழி காட்டியிருக்கிறது: குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதங்களுக்கு மேல் தற்காலிகப் பணிநீக்கத்தை நீட்டிக்கக் கூடாது, துறை விசாரணையை ஆறு மாதங்களில், தவிர்க்க முடியாவிட்டால் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறாமல் கடைப்பிடித்திருந்தால், நீங்கள் சொன்ன அந்தக் கிராம நிர்வாக அலுவலரும் தவித்திருக்க மாட்டார். குற்றம் செய்தவரும் தப்பியிருக்க மாட்டார்.

தேவனாம்பட்டினத்தார், கடலூர்

வழக்குரைஞர் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். சுவர் வேறு, சுவரில் பிடித்த பூஞ்சை வேறு என்று நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பண்ருட்டித் தம்பியின் பதிவு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. திறந்த வாசல்தான் முதல் சுவர் என்று அவர் சொன்னதற்கு என் வீட்டுக் கதையையே சான்றாக வைக்கிறேன். என் தாத்தா கர்ணம். அவருக்கு முன் அவர் தகப்பனார் கர்ணம். ஊரின் ஒவ்வொரு வரப்பும் ஓடையும் அவர் விரல் நுனியில் இருந்தன. எந்த மனையில் யார் பாட்டன் கிணறு வெட்டினான் என்பது வரை சொல்வார். அந்தப் பதவி எங்கள் வீட்டை விட்டுப் போகும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் நினைத்ததில்லை. கிராமப் பதவிகளை நிரப்பும்போது பரம்பரைக்கு முன்னுரிமை கொடுப்பது அரசியலமைப்பின் 16ஆம் பிரிவுக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் 1960லேயே சொல்லியிருந்தும், கிராமத்தில் நடைமுறை மெதுவாகத்தான் மாறியது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒட்டுமொத்தமாக ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதைச் செல்லும் என்றது. தேர்வாணையத்தின் மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

எங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. தாத்தா கணக்குக் கட்டுகளைத் துணியில் முடிந்து ஒப்படைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வேதனையை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தச் சீர்திருத்தம் சரி என்றே சொல்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏற முடியாமல் வாசலில் நின்று அடங்கல் கேட்ட தெருவிலிருந்து, ஒரு பெண் தேர்வெழுதி வந்து, அதே ஊர்க் கணக்கைப் பார்க்க நாற்காலியில் அமர்ந்தார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, தாத்தாவின் நில அறிவை ஈடாக வைத்து அந்தப் பழைய முறையை நியாயப்படுத்த என்னால் முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சீர்திருத்தம் அமைப்பை வேரோடு மாற்றியது. ஆனால் அடிப்படைக் கொள்கையை மாற்றவில்லை. தகுதியால் வேலை, பிறப்பால் அன்று என்று 1855இல் சொல்லப்பட்டு, அரசியலமைப்பில் எல்லாக் குடிமக்களுக்கும் உரியதாக விரிந்த கொள்கை, கிராமத்தின் வாசல் வரை அன்றுதான் வந்து சேர்ந்தது. அதன் பெயரால்தான் பழைய அமைப்பு இடிக்கப்பட்டது. வெளி வல்லுநர் நியமனத்தையும் நான் இப்படியே பார்க்கிறேன். வெளிப்படையான தேர்வும் இட ஒதுக்கீடும் இருந்து, எதிர்க்குறிப்பு எழுதினால் ஒப்பந்தம் முறியாது என்ற உறுதியும் இருக்குமானால், அதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. இவை இல்லாமல் வந்தால், அது இயக்குநர்கள் தம் உறவினர் வீட்டுப் பிள்ளைகளைக் கப்பலேற்றிய முறையின் புதிய உருவமாகிவிடும்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் நினைவில் இருந்த நில வரலாற்றை யாரும் முறையாக எழுதி வாங்கவில்லை. பதவியை ஒழித்தவர்கள், அறிவைக் கைமாற்ற ஓராண்டு அவகாசம் வைத்திருக்கலாம். பல ஊர்களில் நடக்கும் வரப்புத் தகராறுகளின் வேர் அந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் பணி அனுபவத்தில் கண்டது.

குருசுக்குப்பத்தான், பாரிஸ்

என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார். அதனால் நான் இரண்டு நாடுகளின் அலுவலக வாசல்களிலும் வரிசையில் நின்றிருக்கிறேன். பிரான்சில் அண்மையில் நடந்த ஒரு மாற்றம் உங்கள் விவாதத்துக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

உயர் அதிகாரிகளை உருவாக்குவதற்காக, போர் முடிந்த 1945இல் இங்கே ஒரு தேசிய நிர்வாகக் கல்லூரி தொடங்கப்பட்டது. போட்டித் தேர்வில் தேறியவர்களே அதில் சேர முடியும் என்பதால், அது சமத்துவத்தின் சின்னமாகக் கருதப்பட்டது. நாளடைவில் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் பாரிசின் சில பள்ளிகளில் படித்தவர்களும்தான் அங்கே நிரம்பினார்கள் என்ற மனக்குறை வளர்ந்தது. மஞ்சள் மேற்சட்டைப் போராட்டத்துக்குப் பிறகு அதிபர் மக்ரோன் அதை மூடுவதாக அறிவித்தார். 2022 ஜனவரி 1 முதல் வேறொரு நிறுவனம் அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் போட்டித் தேர்வை அவர்கள் கைவிடவில்லை. பிறப்பு வேறுபாடின்றித் திறமையாலும் நற்பண்பாலும் மட்டுமே எல்லாரும் அரசுப் பதவிக்கு உரியவர்கள் என்பது 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாம் பிரிவு. அதைத் தொட எந்த அரசுக்கும் துணிவில்லை.

இங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. மேலதிகாரியின் உத்தரவை அலுவலர் பின்பற்றியாக வேண்டும்; உத்தரவு வெளிப்படையாகவே சட்டவிரோதமானதாகவும் பொதுநலனுக்குக் கடுங்கேடு விளைவிப்பதாகவும் இருந்தால் மட்டும் விலக்கு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட அது, 2022 முதல் பொதுப்பணிச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தார் ஐயாவின் கிராம நிர்வாக அலுவலருக்கு இப்படி ஒரு சட்ட வரி கையில் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி

பாரிசிலிருந்து எழுதிய அண்ணனுக்கு நன்றி. ஆனால் சட்ட வரி கையில் இருந்தால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்மிடமும் வரிகள் இருக்கின்றன. மேலதிகாரியின் உத்தரவு வழக்கமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாகச் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அகில இந்தியப் பணி நடத்தை விதிகளே சொல்கின்றன. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வு பெற்ற அதிகாரிகள் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதையே வலியுறுத்தியது. குறைந்தபட்சப் பணிக்காலமும் இட மாற்றத்துக்குக் குடிமைப் பணி வாரியமும் வேண்டும் என்றது. 2014 ஜனவரியில் இரண்டாண்டுப் பணிக்காலம் விதியாகவும் வந்தது. விதி வந்ததே தவிர, வாரியத்தின் பரிந்துரையை மீறிக் காரணம் எழுதி மாற்றிவிடும் வழியும் அதோடு கூடவே வந்தது.

மேலும், அந்தத் தீர்ப்பும் விதியும் மேல்தளத்தையே நோக்கியவை. பட்டா மாறுதலுக்கும் ஓய்வூதியத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வரும் பொதுமகன் சந்திப்பது இணைச் செயலாளரை அன்று. அவர் சந்திப்பது என்னைப் போன்ற எழுத்தரையும், தம்பியைப் போன்ற இளநிலை உதவியாளரையும். குடிமைப் பணிச் சீர்திருத்தம் என்றதும் எல்லா ஆணையங்களும் உச்சியில் இருக்கும் சில ஆயிரம் பேரைப் பற்றியே எழுதுவது எனக்கு நெடுநாள் மனக்குறை. 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோது உள்ளூர்ப் பணியாளர்களை இந்திய அரசு தன் பணியில் ஏற்றுக்கொண்டது. கொடி மாறிய மறுநாளும் அலுவலகங்கள் நடந்ததற்கு, பெயர் தெரியாத அந்த எழுத்தர்கள்தாம் காரணம்.

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்

அம்மா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பிரிட்டனிலும் 1854ஆம் ஆண்டு அறிக்கை கேட்ட நேர்மை, நடுநிலை முதலிய நெறிகள் முழுச் சட்ட வடிவம் பெற்றது 2010இல்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அவை வழக்கமாகவே உயிர் வாழ்ந்தன. எழுதப்படாத வழக்கம் அங்கே நின்றது. எழுதப்பட்ட விதி இங்கே நிற்க மாட்டேன் என்கிறது. வேறுபாடு எங்கே என்றால், விதியை முதன்முதலில் கேட்பவனுக்குப் பக்கத்து மேசைக்காரர் துணை நிற்கிறாரா என்பதில்தான்.

பண்ருட்டி இளையவன்

ஐயா, ஒரு நடைமுறைக் கேள்வி. சென்ற வாரம் எனக்கே அப்படி ஒரு வாய்மொழி அறிவுறுத்தல் வந்தது. பெரிய விஷயம் இல்லை. முன்னுரிமை வரிசையில் பின்னால் இருந்த மனுவை முன்னால் எடுக்கச் சொன்னார்கள். எழுத்தில் கேட்க நா எழவில்லை. புதிதாகச் சேர்ந்தவன் கேட்டால் திமிர் என்பார்கள். அவமரியாதை தோன்றாமல் இதை எப்படிக் கேட்பது? கேட்க முடியாவிட்டால் கோப்பில் எப்படி எழுதுவது?

தேவனாம்பட்டினத்தார், கடலூர்

தம்பி, நீங்கள் கேட்க வேண்டியதில்லை, எழுதினால் போதும். எனக்கு இது அன்று தெரியவில்லை.

முதலில், உங்களிடம் வரும் தாள்களை எண்ணிட்டுப் பதியும் தன்பதிவேட்டில் எண் இல்லாத எந்தத் தாளின் மீதும் வேலை செய்யாதீர்கள். எண் இருந்தால், குறிப்புப் பக்கத்தில் வழக்கம்போல் பொருளையும் விதியையும் எழுதுங்கள். வரிசைப்படி அந்த மனுவின் இடம் எத்தனையாவது என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அதற்கடுத்து, 'இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன பதவியில் உள்ளவர் வாய்மொழியாக அறிவுறுத்தியதன்படி இம்மனு முன்னதாக எடுத்து வைக்கப்படுகிறது. உறுதிப்படுத்தப் பணிந்து கோரப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டு மேலே அனுப்புங்கள். பெயர் எழுத வேண்டாம், பதவி போதும். குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். முன்னால் எடுக்க உண்மையான காரணம் இருந்தால், உங்கள் மேலதிகாரி அதைக் கீழே எழுதிக் கையெழுத்திடுவார். சில நேரங்களில் காரணம் உண்மையிலேயே இருக்கும், மருத்துவச் செலவுக்காகக் காத்திருப்பவராக இருப்பார். காரணம் இல்லாவிட்டால் கோப்பு ஒன்றும் எழுதப்படாமல் உங்கள் மேசைக்குத் திரும்பும். மனுவை அதன் வரிசையிலேயே வைத்துவிடுங்கள்.

முதல் முறை கூப்பிட்டுக் கடிந்துகொள்ளலாம். பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது முறைக்குள், இந்த மேசைக்கு வாய்மொழியாக ஒன்றும் அனுப்பக் கூடாது என்பது அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். சென்ற வாரத்து மனுவுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. கோப்பு உங்களிடம் இருந்தால் நாளைக் காலையிலேயே அந்தக் குறிப்பை எழுதுங்கள், நாளைய தேதியிட்டு. பின்தேதி மட்டும் போடாதீர்கள்.